நீரின் கணக்கும் கம்பியின் சொல்லும்

40ஆம் நம்பர் நூல் என்று சொன்னால் நம் நெசவாளர் எவரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை. ஒவ்வொன்றும் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு ராத்தல் நிறை பெறுமாயின் அது 40ஆம் நம்பர். கஜமும் ராத்தலும் கடைத்தெருவை விட்டு மறைந்து நெடுநாளாயிற்று. எனினும் நூலின் நம்பர் மட்டும் இன்றும் அந்தப் பழைய உடன்பாட்டின்மீதே நிற்கிறது. அவ்வுடன்பாடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக இருப்பதனால்தான் 40 என்பதற்குப் பொருள் உண்டு. இல்லையேல் அது வெறும் எண்.

நூலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நீருக்கும் பொருந்தும். சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் நீர், சுத்திகரிக்கப்பட்டுத் திரும்பி வரும் நீர், ஏற்றுப்பாசனச் சங்கத்தின் குழாயில் ஓடும் நீர் ஆகிய யாவும் இந்நாளில் மின்னணு மானிகளால் அளக்கப்படுகின்றன. மானி அளந்த எண் ஒரு கம்பி வழியாக அலுவலகக் கணினிக்குச் செல்கிறது. அங்கே பதிவாகும் எண்ணைக் கொண்டே பங்குத்தொகை கணக்கிடப்படுகிறது. விதி மீறப்பட்டதா, காக்கப்பட்டதா என்பதும் தீர்மானிக்கப்படுகிறது. ஆனால் மானிக்கும் கணினிக்கும் இடையே நடைபெறும் பேச்சு எத்தகையது என்பதை நம் அங்கத்தினர்களில் மிகச் சிலரே அறிவர். அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவும் வேளாண்மையும் சந்தித்த ஆறு

இப்பொருள் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நொய்யல் ஆறு காட்டும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றில், திருப்பூரின் சாயக்கழிவு நீர் பல்லாண்டுகள் கலந்தது. பாசனத்திற்கென 1992ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை, சாயநீர் தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடலாகாது என்னும் முறைக்கு ஆலைகள் மாறவேண்டுமென்று உத்தரவிட்டது. 2009இல் உச்சநீதிமன்றமும் ஆலைகளின் பொறுப்பை உறுதி செய்தது. அதன் பின்னும் குறை தீராமற்போகவே, 2011 ஜனவரி 28ஆம் நாள் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடும்படி ஆணையிட்டது.

சாயம் நின்றால் தறிக்கும் பின்னலாடைக்கும் வேலை இல்லை. சாயநீர் ஆற்றில் கலந்தால் வயலுக்கு வாழ்வில்லை. இரு சாராரும் உழைப்பாளிகள். இரு சாராருக்கும் நியாயம் உண்டு. இத்தகைய நிலையில் இருவரும் நம்பக்கூடிய அளவு ஒன்று தேவைப்படுகிறது. ஆலையிலிருந்து எவ்வளவு நீர் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் சென்றது, எவ்வளவு திரும்பி வந்தது என்னும் இரு எண்களும் ஒத்துப்போனால்தான் இடையில் எதுவும் ஆற்றுக்குப் போகவில்லை என்று கூற இயலும். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் தொடர்ச்சியான இணையவழிக் கண்காணிப்பு அமைக்கும்படி பணித்தது. அன்று முதல், கம்பியில் செல்லும் எண்ணுக்குச் சாட்சியின் மதிப்பு ஏற்பட்டுவிட்டது.

ஒலியைக் கொண்டு நீரை அளத்தல்

மானிகளில் பல வகை உண்டு. அவற்றுள் மீயொலி நீரோட்ட மானி என்பது, மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியைக் கொண்டு அளப்பது. குழாயை வெட்டாமல், அதன் வெளிப்புறத்திலேயே இரண்டு உணரிகளைப் பட்டையிட்டுக் கட்டிவிடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

பரிசலை நீரோட்டத்தோடு விடுபவன் விரைவில் கரை சேர்வான். எதிர்த்துச் செலுத்துபவன் தாமதமாகச் சேர்வான். ஒலியும் அவ்வாறே. ஓர் உணரியிலிருந்து மற்றொன்றுக்கு நீரோட்டத்தின் போக்கில் ஒலி செல்லும் நேரத்தையும், எதிர்ப்போக்கில் திரும்பும் நேரத்தையும் மானி ஒப்பிடுகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து நீரின் வேகமும், வேகத்தையும் குழாயின் உள்விட்டத்தையும் கொண்டு நீரின் அளவும் பெறப்படுகின்றன.

அவ்வேறுபாடு எவ்வளவு சிறிது என்பதைக் கவனிக்க வேண்டும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்லும். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நீர் ஓடுகிறது என்றும், ஒலி 45 பாகைச் சாய்வில் அதனை ஒருமுறை குறுக்கே கடக்கிறது என்றும் கொண்டால், இரு பயண நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நொடியை 1 கோடியே 10 லட்சம் கூறாக்கி அதில் ஒரு கூறு எடுத்தது போன்றது. அத்துணை நுட்பமான அளவு பிழையின்றி அமைய வேண்டுமாயின் குழாய் நீரால் முழுவதும் நிறைந்திருத்தல் வேண்டும், காற்றுக்குமிழி இருத்தலாகாது, மானிக்கு முன்னே குழாய்விட்டத்தைப்போல் பத்து மடங்கும் பின்னே ஐந்து மடங்கும் நேர்க்குழாய் இருத்தல் பொதுவான வழக்கம். கசடும் நுரையும் மிகுந்த சாயநீருக்கு இம்முறை ஏற்றதன்று. அதற்கு மின்காந்த மானி போன்ற வேறு வகைகள் உள்ளன. சுத்திகரித்துத் திரும்பும் தெளிந்த நீருக்கும், கிணற்று நீருக்கும், ஆற்று நீருக்கும் இது நன்கு பயன்படும்.

பாவும் ஊடையும்

மானி அளந்துவிட்டது. இனி அதனை அலுவலகத்திற்குச் சொல்ல வேண்டும்.

கணினிகள் எவ்வெண்ணையும் உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளால் எழுதுகின்றன. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் இழை எழும். துளை இல்லையேல் எழாது. அதுபோன்ற ஒரு குறிக்குப் பிட் என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். இக்குறிகளைப் பாவு இழைகளைப்போல் பக்கம் பக்கமாகப் பல கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்புவது ஒரு முறை. ஊடை இழையைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் அனுப்புவது மற்றொரு முறை. பின்னதே தொடர்வரிசைத் தொடர்பு எனப்படுகிறது. கம்பிச் செலவு குறைவு, தொலைவு அதிகம் என்பதால் மானிகளுக்கு இதுவே ஏற்றது.

கம்பியின் அமைப்புக்கு ஆர்.எஸ்.485 என்னும் தரம் பரவலாகக் கையாளப்படுகிறது. இதில் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். செய்தி ஒரு கம்பியின் மின்னழுத்தத்தில் இல்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. ஒரே பரிசலில் அமர்ந்த இருவர் அலையில் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே தாழ்வர். அவர்களுக்கிடையே உயர வேறுபாடு மாறுவதில்லை. பக்கத்து மோட்டாரின் மின்சார இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒன்றாகவே தாக்குவதால் செய்தி பெரும்பாலும் கெடுவதில்லை. குறைந்த வேகத்தில் சுமார் 1,200 மீட்டர் தொலைவு வரை பேசலாம். ஒரு கம்பித்தடத்தில் சாதாரணமாக 32 கருவிகளை இணைக்கலாம். கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு என்று வரிசையாகச் செல்ல வேண்டும். மரக்கிளைபோல் நாற்புறமும் பிரிதல் கூடாது. தடத்தின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று பொருத்துவது வழக்கம். இவற்றில் குறை நேர்ந்தால், எதிரொலியால் பேச்சு குழம்பும்.

கூட்டத்தின் ஒழுங்கு

கம்பி என்பது பாதை மட்டுமே. அதில் யார், எப்போது, எம்மொழியில் பேசுவது என்பதற்கு விதி வேண்டும். இந்த விதித் தொகுப்பே நெறிமுறை. மானிகளில் மிகுதியாகப் பயன்படுவது மோட்பஸ் என்னும் நெறிமுறை. மோடிகான் என்னும் அமெரிக்க நிறுவனம் 1979ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. யாவரும் தடையின்றிக் கையாளலாம் என்று திறந்து வைக்கப்பட்டதனால், பல நாட்டு மானிகளும் இன்று இதே மொழியைப் பேசுகின்றன.

இதன் ஒழுங்கு நம் பொதுக்குழுக் கூட்டத்தின் ஒழுங்கையே ஒத்தது. தலைவர் எண் சொல்லி அழைத்தாலன்றி எந்த அங்கத்தினரும் எழுந்து பேசலாகாது; அழைக்கப்பட்டவர் கேட்டதற்கு மட்டும் விடை கூறி அமர வேண்டும். இங்கே கணினி தலைவர், மானிகள் அங்கத்தினர். ஒவ்வொரு மானிக்கும் 1 முதல் 247 வரை ஓர் எண் உண்டு. இரு மானிகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், இருவரும் ஒருங்கே பேசி ஒன்றும் விளங்காமற் போகும்.

மானிக்குள் அஞ்சல் நிலையத்தின் பெட்டிகளைப்போல வரிசையாகப் பதிவறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 16 பிட் கொண்டது. ஓர் அறையில் நீரோட்டம், ஓர் அறையில் கூட்டுத்தொகை, ஓர் அறையில் ஒலிக்குறியின் வலிமை என்று வைக்கப்பட்டிருக்கும். எந்த அறையில் எது என்பது மானிக்கு மானி வேறுபடும். அதனைக் கூறும் பட்டியலைத் தயாரிப்பாளர் கைப்புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்.

முதலாம் எண் மானியிடம் முதல் இரண்டு அறைகளைக் கேட்க வேண்டுமென்றால், கணினி அனுப்பும் கேள்வி எட்டே பைட்டுகள்:

01 03 00 00 00 02 சி4 0பி

(பதினாறடிமான எண்முறையில் 9க்குப் பின் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் இலக்கங்களாகும்.)

முதல் பைட் மானியின் எண். இரண்டாவது, "அறையைப் படித்துச் சொல்" என்னும் கட்டளை. அடுத்த இரண்டும் எந்த அறையிலிருந்து என்பது. அதற்கடுத்த இரண்டும் எத்தனை அறை என்பது. கடைசி இரண்டும் சரிபார்ப்பு எண். முன்னுள்ள ஆறு பைட்டுகளையும் கொண்டு ஒரு வாய்ப்பாட்டின்படி இது கணக்கிடப்படுகிறது. பேரேட்டின் அடியில் கூட்டுத்தொகை எழுதுவது போன்ற ஏற்பாடு இது. வழியில் ஒரு பிட் மாறினாலும் சரிபார்ப்பு ஒத்துவராது. மானி அக்கேள்விக்கு விடை கூறாமல் மௌனமாக இருந்துவிடும். மானி அனுப்பும் விடைக்கும் இதே போன்ற சரிபார்ப்பு உண்டு. நொடிக்கு 9,600 பிட் என்னும் வேகத்தில் இக்கேள்வியும் அதற்குரிய ஒன்பது பைட் விடையும் கம்பியைக் கடக்க, நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரமும் ஆவதில்லை.

பிழை நுழையும் வாயில்கள்

கம்பியில் பிழை நேராமல் காக்க வழி இருக்கிறது. ஆனால் கம்பியைக் கடந்த பின், கேட்டதைப் பொருள் கொள்வதில் நேரும் பிழையை எந்தச் சரிபார்ப்பு எண்ணும் காட்டாது. நம் அங்கத்தினர்கள் முக்கியமாக அறிய வேண்டியது இதுவே.

மானியின் முகப்பில் மணிக்கு 12.3 கன மீட்டர் என்று இருப்பதாகக் கொள்வோம். பின்னத்தோடு கூடிய இவ்வெண் இரண்டு அறைகளில் அடங்கும்: ஒன்றில் 4144, மற்றொன்றில் சிசிசிடி. எந்தப் பாதி முன், எது பின் என்பதை மோட்பஸ் நெறிமுறை வரையறுக்கவில்லை; தயாரிப்பாளரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. கணினி இவற்றை இடம் மாற்றிப் படித்தால் கிடைக்கும் எண், பூஜ்யத்திற்குக் கீழே 10 கோடியே 76 லட்சத்து 12 ஆயிரத்து 704. ஜக்கார்டில் இரண்டு அட்டைகளை முன்பின்னாகக் கோத்துவிட்டால் கரையிலுள்ள பூ சிதைவது போன்றதே இது. ஒவ்வோர் அட்டையிலும் துளை சரியாகவே இருக்கிறது, வரிசைதான் தவறு.

இத்தகைய பெரும் பிழை எளிதில் கண்ணில் படும். அஞ்சத்தக்கது வேறு. மானியில் 12.5 என்று இருந்தால் அதன் இரு பாதிகள் 4148, 0000. இவை இடம் மாறினால் கிடைப்பது பூஜ்யத்தினின்றும் பிரித்தறிய முடியாத மிக நுண்ணிய எண். ஏட்டில் பூஜ்யம் என்றே பதிவாகும். நீர் ஓடிக்கொண்டிருக்க, நீர் ஓடவில்லை என்று பதிவேடு சொல்லும். இதனை ஏமாற்று என்று ஒரு சாரார் கருதுவர். கருவிக் கோளாறு என்று மறு சாரார் வாதிடுவர். உண்மையில் இரண்டுமில்லை, இரு அட்டைகள் இடம் மாறின.

இரண்டாவது வாயில் அறை எண். கைப்புத்தகத்தில் முதல் அறை 1 என்றோ 40001 என்றோ எழுதப்பட்டிருக்கும். கம்பியில் அதற்கு எண் 0. இந்த ஒன்றின் வேறுபாட்டை மறந்தால், ஓர் எண்ணின் பின்பாதியையும் அடுத்த எண்ணின் முன்பாதியையும் ஒட்டிப் படிக்க நேரும்.

மூன்றாவது வாயில் கூட்டுத்தொகையை வைத்திருக்கும் முறை. பின்னவெண்ணுக்குரிய 32 பிட் அமைப்பில் 1,67,77,216 வரையே முழு எண்களை ஒன்றுவிடாமல் எழுத முடியும். லிட்டர் கணக்கில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால், அவ்வெண்ணைத் தொட்ட பின் கூட்டுத்தொகை அசையாது நின்றுவிடும். மணிக்கு 12.3 கன மீட்டர் நீர் இரவு பகலாக ஓடினால் 57 நாள்களில் அவ்வெல்லை வந்துவிடும். ஆகவே கூட்டுத்தொகையை முழு எண்ணாக ஓரிடத்திலும் பின்னத்தை வேறிடத்திலும் வைக்கும் மானிகளே நீண்ட காலக் கணக்கிற்கு ஏற்றவை.

நான்காவது வாயில் மௌனம். கம்பி அறுந்தால் சில பதிவுக் கருவிகள் கடைசியாகக் கேட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சில பூஜ்யம் எழுதும். இரண்டும் பொய்ச்சாட்சி. விடை வரவில்லை என்றால் விடை வரவில்லை என்றே ஏட்டில் எழுத வேண்டும்.

இவற்றோடு மற்றொன்றும் கூற வேண்டும். மோட்பஸ் நெறிமுறையில் பூட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. படிக்கும் கட்டளையைப்போலவே எழுதும் கட்டளையும் உண்டு. கம்பியைத் தொட வாய்ப்புள்ளவர், மானி இடங்கொடுக்கும் அளவுக்கு, அதன் அறைகளை மாற்றிவிடலாம். தற்செயலான பிழையைக் காட்டவே சரிபார்ப்பு எண் ஏற்பட்டது. மனிதர் வேண்டுமென்று செய்வதை அது காட்டாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. மானி வாங்கும் ஒப்பந்தத்திலேயே, பதிவறைப் பட்டியலும், எண்களின் முன்பின் வரிசையும், அலகும், தொடர்பின் வேகமும் எழுத்து மூலம் பெறப்பட வேண்டும். அதன் பிரதி சங்க அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். கருவி அமைத்தவர் ஊரை விட்டுப் போனபின் தேடித் திரிவதில் பயனில்லை.

2. அமைத்த அன்றே, மானியின் முகப்பையும் கணினியின் பதிவையும் அருகருகே வைத்து, ஓட்டம் குறைவாகவும் மிகுதியாகவும் உள்ள பல வேளைகளில் ஒப்பிட வேண்டும். ஒரே ஓர் எண் ஒத்ததென்று திருப்தி அடையலாகாது.

3. மானியையே சோதிக்கத் தொட்டி போதும். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் நீர் 1 மீட்டர் உயர்ந்தால் 20,000 லிட்டர் சேர்ந்ததாகும். மானி காட்டும் கூட்டுத்தொகை இதனோடு ஒத்துவர வேண்டும். இச்சோதனையை அங்கத்தினர் முன்னிலையில் செய்வது நல்லது.

4. பங்குத்தொகை கணக்கிடும்போது, கணினி அவ்வப்போது கேட்ட ஓட்டவேகங்களைக் கூட்டுவதைக் காட்டிலும், மானியே வைத்திருக்கும் கூட்டுத்தொகையின் தொடக்கத்தையும் முடிவையும் கழித்துக் காண்பதே மேல். இடையில் கம்பி ஒருநாள் மௌனமானாலும் மானி தன் போக்கில் அளந்துகொண்டுதான் இருக்கும். அன்றைய நீர் கணக்கை விட்டுப் போகாது.

5. மானிப் பெட்டிக்கும் கம்பி இணைப்புக்கும் முத்திரை வைத்து, திறக்கும்போதெல்லாம் நாள், நேரம், காரணம் ஆகியவற்றை ஏட்டில் குறித்து இரு தரப்பாரும் கையொப்பமிடுவது முறையாகும்.

கூட்டுறவு என்பது ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கலாம் என்னும் நம்பிக்கையின்மீது எழுந்த அமைப்பு. கணக்கு ஏட்டில் இருந்த நாளில், எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் அங்கத்தினர் அதைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டார். இன்று கணக்கு கம்பிக்குள் போய்விட்டது என்பதற்காக அந்த உரிமையை நாம் விட்டுவிடலாகாது. எட்டுப் பைட் கேள்வியும் ஒன்பது பைட் விடையும் கற்றுக்கொள்ள முடியாத வித்தைகளல்ல. ஜக்கார்டு அட்டையைத் துளையிடும் கை இதனையும் பயிலும். ஒவ்வொரு சங்கத்திலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவரும் விவசாயி வீட்டுப் பிள்ளை ஒருவரும் இதனைக் கற்று, மாதம் ஒருமுறை மானியின் முகப்பையும் பதிவேட்டையும் சேர்ந்தே ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார்களானால், ஆற்றின் மேற்கரையில் உள்ளவர் சொல்லும் எண்ணைக் கீழ்க்கரையில் உள்ளவர் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் நிலை ஏற்படும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.